நின்று கெடும் கார்

"ஓடினால் தேயும்; நிறுத்தி வைத்தால் நிலைக்கும்" என்று காரைப் பற்றிப் பலர் எண்ணுகின்றனர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை ஒரு கார்த்திகை மாத மழை இரவு எமக்குக் கற்பித்தது.

யாழ்ப்பாணத்தில் எமது வீட்டுக் கொட்டகையில் கார் ஒன்று உண்டு. பிள்ளைகள் படிப்பென்றும் தொழிலென்றும் தூரதேசம் சென்றபின் அதற்கு வேலை குறைந்துவிட்டது. சந்தைக்குச் சைக்கிள் போதும். கோயில் நடந்து செல்லும் தூரம். ஆயினும் காரை விற்க மனம் வரவில்லை. "வயது சென்ற தாயார் இருக்கும் வீடு, ஆபத்து அந்தரத்துக்கு உதவும்" என்பதே நாம் சொல்லிக்கொண்ட நியாயம். ஞாயிறுதோறும் காலையில் கொட்டகைக்குச் செல்வோம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறும விடுவோம். பின்னர் நிறுத்திவிட்டு, கடமை முடிந்தது என்ற திருப்தியோடு பத்திரிகையை விரிப்போம்.

அந்த இரவு இரண்டு மணியளவில் தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. திறப்பை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினோம். காரில் ஏறித் திறப்பைத் திருப்பியதும் "டிக், டிக்" என்ற ஒலி மட்டும் கேட்டது; விளக்குகள் மங்கின. மீண்டும் திருப்பினோம், அந்த ஒலியும் நின்றது. அம்புலன்சை அழைக்க வேண்டும் என்ற நினைவுகூடப் பதற்றத்தில் வரவில்லை. ஒழுங்கை முனையில் வசிக்கும் தம்பி ஒருவரின் கதவைத் தட்டி எழுப்பி, அவருடைய முச்சக்கர வண்டியில் தாயாரை ஏற்றினோம். கடவுள் கிருபையால் அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால், போர்த்திய சால்வை நனைய அவர் விறாந்தையில் காத்திருந்த அந்த இருபது நிமிடங்களை நாம் இன்றுவரை மறக்கவில்லை.

மறுநாள் வந்த மெக்கானிக் பற்றறியைப் பார்த்தார். எஞ்சின் ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பார்த்தார். பின் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஐயா, இது ஓடிக் கெட்ட கார் இல்லை, நிண்டு கெட்ட கார்."

"கிழமைக்கு ஒருக்கால் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறனாங்கள் அல்லவோ?" என்றோம்.

"அதுதான் ஐயா அரைவாசி கெடுத்தது" என்றார் அவர்.

அவர் சொன்னதை அன்று நாம் முழுமையாக விளங்கிக்கொள்ளவில்லை. பின்னர் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றை, எம்மைப்போல் அபூர்வமாகக் கார் ஓட்டும் குடும்பத்தினருக்காக இங்கே தருகின்றோம்.

ஐந்து நிமிடக் கணக்கு

முதலில் பற்றறியைக் கவனிப்போம். மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கக்கூடிய எளிய கணக்கு இது.

நிறுத்தி வைத்த காரும் மின்சாரம் உண்கிறது. கடிகாரம், திருடரைத் தடுக்கும் அலாரம், எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி ஆகியவை உறங்குவதில்லை. பழுதில்லாத காரில் இவை சுமார் 30 மில்லி அம்பியர் எடுக்கின்றன என்று கொள்வோம். அற்பமான அளவுதான். ஆனால் ஒரு வாரத்தில் 168 மணித்தியாலங்கள் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 5 அம்பியர் மணித்தியாலம் செலவாகிறது. ஞாயிற்றுக்கிழமை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விடும்போது பற்றறிக்கு 10 அம்பியர் வீதம் திரும்பக் கிடைக்கிறது என்று வைத்தாலும், வரவு 1 அம்பியர் மணித்தியாலத்துக்கும் குறைவே. ஸ்டார்ட் செய்வதற்குச் செலவானதும் அதிலிருந்தே கழிய வேண்டும். ஐந்து செலவு, ஒன்று வரவு! இப்படி நடக்கும் குடும்பம் எத்தனை மாதம் தாக்குப் பிடிக்கும்? 40 அம்பியர் மணித்தியாலப் பற்றறி ஐந்து வாரத்தில் பாதியாகிவிடும். வெப்ப நாட்டில் பற்றறி தானாகவும் மின்னிறங்கும் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாதியானால் என்ன, மீண்டும் சார்ஜ் ஏற்றலாமே என்று கேட்கலாம். பற்றறியில் மின் இறங்கும்போது ஈயத் தகடுகளில் ஈயசல்பேற்று படிகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் இறுகிப் பளிங்காகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுமையாகக் கரையாது. பற்றறியின் ஆயுள் குன்றுவது இவ்வாறுதான்.

சிறிய வோல்ற்றுமானி ஒன்று வீட்டில் இருப்பது நன்று. கார் இரவு முழுவதும் ஓய்ந்திருந்தபின் காலையில் அளந்து பார்க்க வேண்டும். 12.6 வோல்ற்று காட்டினால் பற்றறி நிறைந்துள்ளது, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே இறங்கினால் ஏறக்குறைய வெறுமை. 12.4க்குக் குறைந்ததும் சார்ஜரைப் பூட்டிவிட வேண்டும். இந்த ஓர் அளவையை நாம் அறிந்திருந்தால் அந்தக் கார்த்திகை இரவு வேறுவிதமாக முடிந்திருக்கும்.

ஒரு லீற்றர் பெற்றோல், ஒரு லீற்றர் தண்ணீர்

மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்தது ஏன்? அதன் உட்புறத்தில் பால்கோப்பி நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருந்தது. எஞ்சின் ஒயிலும் தண்ணீரும் கலந்து உண்டான பசை அது.

பூட்டிய எஞ்சினுக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெற்றோலிலிருந்தே வந்தது. பெற்றோல் ஐதரசனும் காபனும் சேர்ந்த பொருள். அது எரியும்போது ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடித் தண்ணீராகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும் என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் உண்மை அதுவே. எஞ்சின் சூடாக ஓடும்போது இத்தண்ணீர் ஆவியாகிப் புகையோடு வெளியேறிவிடுகிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஒரு பகுதி எஞ்சின் ஒயிலில் இறங்குகிறது. மற்றொரு பகுதி சைலன்சருக்குள் தேங்கி, அதனை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் சற்று அதிகமாகவே செல்லும். எரியாத அப்பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலை இளக்குகிறது.

ஆகவே, ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது எஞ்சினுக்கு மருந்தன்று. வாரந்தோறும் சிறிது தண்ணீர் புகட்டுவதற்கு ஒப்பாகும். வெப்பங்காட்டும் ஊசி நடுவுக்கு வந்தவுடன் எஞ்சின் சூடாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது தண்ணீரின் சூடு மட்டுமே. எண்ணெய் நன்றாகச் சூடேற அதன் பின்னும் பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம் வேண்டும். வீதியில் அரை மணித்தியாலமாவது ஓட்டினால்தான் உள்ளிருக்கும் ஈரம் போகும். பற்றறியின் கடனும் பெரும்பாலும் தீரும்.

குறைவாக ஓடும் காருக்கு எஞ்சின் ஒயில் மாற்றத் தேவையில்லை என்பதும் பிழை. கிலோமீற்றர் கணக்கு நிறைவேறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடிய நாள்கள்

1990ஆம் ஆண்டுக்குப் பின் போர்க்காலத்தில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தபோது, இங்கு கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய பழைய பிரித்தானியக் கார்களே அக்காலத்தில் கைகொடுத்தன. சிறிய போத்தலில் பொன்போலப் பேணிய பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓடும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால்தான் முதல் மூச்சுக்குப் பெற்றோல் வேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து அதனை இளக்கியதால், நல்ல சாரதிகள் ஒயிலில் எப்போதும் ஒரு கண் வைத்திருந்தார்கள்.

அந்தக் கார்களில் இன்னொரு வசதியும் இருந்தது. பற்றறி இறந்தாலும் முன்னால் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்றி எஞ்சினை உயிர்ப்பிக்கலாம். இக்காலக் காரில் அந்த வழி இல்லை. பற்றறி இறந்தால் கார் வெறும் தகரப் பெட்டியே. வசதிகள் கூடிய அளவுக்கு எமது கவனமும் கூட வேண்டியுள்ளது.

பிற்காலத்திலும் கார்களுக்குக் கட்டாய ஓய்வு வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022 ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள். அவ்வாண்டு ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். நாடெங்கும் கொட்டகைகளில் கார்கள் அசையாது நின்றன. 2020இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. புதுக் கார் வாங்குவது எளிய குடும்பங்களுக்கு எட்டாக் கனியாகிவிட்ட நாட்டில், இருக்கும் காரைப் பேணுவது சிக்கனம் மட்டுமன்று, அறிவுடைமையுமாகும்.

பெற்றோல், பிறேக், ரயர்

பெற்றோலும் பழுதாகும். அதன் மெல்லிய பகுதிகள் முதலில் ஆவியாகின்றன; மீதி காற்றோடு கூடிப் பிசினாகிறது. காபுரேற்றர் உள்ள பழைய காரில் நுண்ணிய துளைகள் இப்பிசினால் விரைவில் அடைபடும். மூன்று மாதத்துக்கு மேல் ஒரே பெற்றோலை வைத்திருப்பது நன்றன்று. இரும்புத் தாங்கியில் பாதிப் பெற்றோல் இருந்தால் மீதி இடத்தில் ஈரக் காற்று இருக்கும். அதனால் உள்ளே துரு உண்டாகும். ஆகவே கார் சில காலம் நிற்க வேண்டியிருந்தால் தாங்கியை நிரப்பி வைப்பதே முறை. வீட்டில் கன்களில் பெற்றோல் சேர்த்து வைப்பதோ தீ விபத்தை அழைப்பதாகும்.

பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதனை மாற்ற வேண்டும். காரைக் கழுவியவுடன் கொட்டகையில் விட்டுக் கைப்பிறேக்கை இறுக இழுத்து வைப்பது மிகப் பெரிய தவறு. ஈரத்தில் பிறேக் ஒட்டிக்கொள்ளும். எமது காரின் பின் சக்கரத்துக்கு நேர்ந்தது இதுவே. கழுவினால் சிறிது தூரம் ஓட்டிப் பிறேக்கை மெதுவாக மிதித்து உலர்த்திய பின்னரே நிறுத்த வேண்டும். நெடுநாள் நிற்கும் காருக்கு, சமதரையில், கைப்பிறேக்குக்குப் பதிலாகச் சக்கரங்களின் முன்னும் பின்னும் மரக்கட்டை வைக்கலாம். கியர் கார் என்றால் கியரில் விடலாம். ஓட்டோமற்றிக் என்றால் "பி"யில் விட வேண்டும்.

ரயரில் தேய்மானத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதன் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். இறப்பர் ஓடாமலேயே முதுமை அடையும். ஐந்து ஆண்டு கடந்த ரயரை ஆண்டுதோறும் வெடிப்புக்காகச் சோதிக்க வேண்டும்; பத்து ஆண்டு கடந்ததை, வரிகள் புதிதுபோலத் தோன்றினாலும், மாற்றிவிட வேண்டும். காற்று மாதத்துக்கு மாதம் சிறிது குறையும். காற்றுக் குறைந்த ரயரில் நாட்கணக்காக நிற்கும் கார், அடிப்பாகம் தட்டையாகி, ஓடும்போது துள்ளும்.

றேடியேற்றருக்குக் கிணற்று நீரை ஊற்றும் பழக்கம் எமது பகுதியில் இன்னும் உண்டு. எமது நீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக ஊறி வருவது. கேத்திலின் அடியில் படியும் வெண்மையைப் பார்த்தாலே, றேடியேற்றரின் சிறு குழாய்களுக்குள் என்ன நிகழும் என்பது விளங்கும். காருக்கென உள்ள குளிர்நீர்த் திரவத்தையே பயன்படுத்துவது உத்தமம்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது உயிர் சம்பந்தமானது. கதவடைத்த கொட்டகைக்குள் ஒருபோதும் எஞ்சினை ஓட விடாதீர்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. தலைச்சுற்றல் தெரியும்போதே கால்கள் நடக்க மறுக்கும். ஸ்டார்ட் செய்தவுடன் காரை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு. அக்காரில் பெரிய பற்றறியோடு சிறிய 12 வோல்ற்றுப் பற்றறியும் உண்டு. பெரும்பாலும் சிறியதே முதலில் இறந்து காரை முடக்குகிறது. பெரியதும் நாளடைவில் மின்னிறங்கும். ஆதலின் ஹைபிரிட் காரையும் ஓட்டியே ஆக வேண்டும். செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் உடையவை. அவற்றை வீட்டில் எவரும் தொடலாகாது.

இவற்றோடு எலியையும் மறவாதீர்கள். ஓடாத காரின் வெப்பமான மூலை எலிக்கு மாளிகை. வயர்கள் அதன் பற்களுக்குத் தீனி. வாரந்தோறும் பொனற்றைத் திறந்து பாருங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் பொனற்றை இரு முறை தட்டுவது நல்ல பழக்கம். உள்ளே பூனை உறங்கினால் அது ஓடித் தப்பும்.

பிள்ளைகளிடம் போவோர் கவனிக்க

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்க மூன்று நான்கு மாதம் செல்லும் பெற்றோர் இன்று பலர். புறப்படுமுன் எஞ்சின் ஒயிலை மாற்றுங்கள், தாங்கியை நிரப்புங்கள், காரைக் கழுவி ஓட்டி உலர்த்துங்கள், ரயர்களுக்கு அளவாகக் காற்றடியுங்கள். பொலித்தீனால் மூடாதீர்கள்; அது ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும். காற்றுப் புகும் துணி உறை போதும். பற்றறியின் எதிர் முனையைக் கழற்றி வைக்கலாம்; ஆனால் உங்கள் காருக்கு அது பொருந்துமா என்று கைந்நூலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றினும் மேலானது, ஓட்டத் தெரிந்த நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் திறப்பைக் கொடுத்துச் செல்வது. அவர் ஓட்டுவதாயின் காப்புறுதியும் வருமான அனுமதிப் பத்திரமும் காலாவதியாகாதிருக்க வேண்டும்.

கொப்பியும் திறப்பும்

அந்த இரவுக்குப் பின் எமது கொட்டகைச் சுவரில் ஓர் அப்பியாசக் கொப்பி தொங்குகிறது. வாரம் ஒரு முறை, தவறினால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காரை அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓட்டுகிறோம். காங்கேசன்துறை வரை போய்த் திரும்பினால் 35 கிலோமீற்றருக்கு மேல் ஆகும். அது தாராளமாகப் போதும். அந்நேரத்தில் எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்க்கிறோம். குளிரூட்டியைப் பத்து நிமிடம் இயக்குகிறோம். விளக்கு, வைப்பர், ஹோர்ன் யாவற்றையும் சோதிக்கிறோம். வீடு திரும்பியதும் திகதி, கிலோமீற்றர் என்பவற்றையும், மறுநாட் காலையில் அளந்த வோல்ற்றையும் கொப்பியில் குறிக்கிறோம். அயல்வீட்டு மாணவன் ஒருவன் விரும்பி வந்து அளவைகளை எழுதுகிறான். பாடநூலில் படித்த ஈயசல்பேற்றைக் கண்முன் காண்பதில் அவனுக்குப் பெரிய உற்சாகம். கொப்பியின் மேலட்டையில் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம். கார் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூச்சுத் திணறும் நோயாளிக்கு முதலில் அழைக்க வேண்டியது அதனையே.

இவ்வேற்பாட்டால் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. வாராந்த ஓட்டத்தில் தாயாரும் முன் ஆசனத்தில் அமர்ந்து வருகிறார். ஆண்டுக்கணக்கில் காணாத உறவினரைக் கண்டு பேசுகிறார். கீரிமலைக் கடற்காற்றை வாங்குகிறார். எஞ்சினுக்காகத் தொடங்கிய ஓட்டம் இப்போது அவருக்காகவே நடைபெறுகிறது என்று சொல்லலாம்.

ஆபத்து அந்தரத்துக்கு உதவும் என்று வைத்திருக்கும் பொருள் எதுவாயினும், அமைதியான நாட்களில் அதனைப் பழக்கத்தில் வைத்திருந்தால்தான் அந்தர நாளில் அது கைகொடுக்கும். ஞாயிற்றுக்கிழமையில் பத்திரிகையைப் படித்து முடித்ததும் திறப்பை எடுங்கள்; வீட்டிலுள்ள மூத்தவரையும் கூப்பிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு அன்று, அரை மணித்தியாலத்துக்கு.